உழைத்த தேகமும் உறங்காத இரவும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அடுத்தடுத்து அமைந்திருக்கிற இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களிலும், அதிகாலையில் குழாயடியிலோ டீக்கடை வாசலிலோ ரேஷன் கடை வரிசையிலோ சந்தித்துக்கொள்ளுகிற வயோதிகர்கள், மழையைப் பற்றியும் மக்களைப் பற்றியும் பேச்செடுப்பதற்கு முன்னால் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது முந்தின இரவைப் பற்றித்தான். "மதினி, ராத்திரி கண்ணு அசந்துச்சா?" என்று ஒருத்தி கேட்பாள்; "எங்கிட்டு? ரெண்டு மணிக்கு முழிச்சவதான், கோழி கூப்பிடுற வரைக்கும் கூரையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்று மற்றவள் சொல்லுவாள். இந்தச் சம்பாஷணையில் வியாதி என்ற சொல் வருவதேயில்லை. வயசானால் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சமாதானமே அதில் தொனிக்கிறது. அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதையும், கையில் காசில்லாத முதியவர்களுக்கு முறையான தேகப்பயிற்சியினால் நித்திரையையும் புத்தித் தெளிவையும் ஓரளவாவது மீட்டுத் தர முடியுமா என்பதையும் விஞ்ஞானிகள் கடந்த முப்பது வருஷங்களாக ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றில் எது நம் ஊருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதுதான் இங்கே நமக்கு வேலை.

இவர்கள் எப்படிப்பட்ட ஜீவனம் நடத்தி முதுமையை அடைந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இவர்களுக்கு எந்த அப்பியாசத்தையும் சிபாரிசு செய்வது வீண். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-ல் தோற்றுவித்த இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து அவ்வட்டாரத்தில் பெருகிய நூற்பாலைகளில், பகல், அரை நைட், முழு நைட் என்று மாறிமாறி வருகிற ஷிப்டுகளில், எட்டு மணி நேரம் நின்றபடியே இழை முடிந்துகொண்டிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். சத்திரப்பட்டிப் பக்கத்தில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓயாத இரைச்சலில் காது மந்தமானவர்கள் இருக்கிறார்கள். தளவாய்புரத்தில் தையல் மிஷினுக்கு முன் குனிந்தே முதுகு வளைந்தவர்கள் இருக்கிறார்கள். வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் முழங்கால் மூட்டுத் தேய்ந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பஞ்சுத் தூசியை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்குப் பைசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதும், அது வந்தவர்களுக்குப் பகலில் நடையும் இரவில் தூக்கமும் ஒருங்கே கெடும் என்பதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலைக்கு அனுமதியாத காலத்தில்கூட அவர்களுடைய இரவு முழுமையாக இருந்துவிடவில்லை. புருஷன் முழு நைட்டுக்குப் போனால் தூக்குவாளியை நிரப்பி அனுப்பிவிட்டுப் படுக்க வேண்டும், பகல் ஷிப்டுக்குப் போனால் நாலு மணிக்கே எழுந்து உலையேற்ற வேண்டும். இப்படி முப்பது வருஷம் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிய தேகம், மில் வாசலை விட்டு வந்த மறுநாளே ஒழுங்காகத் தூங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்காக வரிசையில் நிற்கிற இத்தகைய மூதாட்டி ஒருத்தியைப் பார்த்து, "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்மா" என்று இளம் டாக்டர் சொல்லும்போது, "காடு கரையெல்லாம் நடந்து தேஞ்ச காலுய்யா இது, இன்னும் எங்க போயி நடக்க?" என்று அவள் திருப்பிக் கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கிற உண்மையை டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஓய்வு நேரத்தில் தானாக விரும்பிச் செய்கிற உடலியக்கம் இருதயத்தைக் காப்பாற்றி ஆயுளை நீட்டுகிறது என்பதில் ஐயமில்லை. பிழைப்புக்காகச் செய்கிற கடுமையான உழைப்போ அந்த அனுகூலத்தைத் தராததோடு சில வேளைகளில் கேட்டையும் விளைவிக்கிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அவரும் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்களும் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, கடின உடலுழைப்புத் தொழிலில் இருந்த ஆண்களுக்கு, அவ்வாறு உழைக்காத ஆண்களைவிட அகால மரண அபாயம் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்களிடம் இந்த வித்தியாசம் தென்படவில்லை. வறுமையும் புகையிலையும் போதாத ஆகாரமும் சேர்ந்து செய்த வேலையை உழைப்பின் தலையில் சுமத்துகிறார்கள் என்று இதை ஆட்சேபிப்பவர்களும் உண்டு. ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் காரணம் என்று சொல்லப்படுவது யோசிக்கத்தக்கது. மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்பதும் பாரம் சுமப்பதும் இரத்த அழுத்தத்தை நாள் முழுவதும் உயர்த்தியே வைத்திருக்கின்றன. இருதயம் பலப்படுவதற்கு வேண்டிய வேகமான சிறுபொழுது இயக்கம் அதில் கிடைப்பதில்லை. களைத்தபோது நிறுத்துவதற்கு உழைப்பவனுக்கு உரிமையும் இல்லை. அப்பியாசம் என்பது களைத்தால் நிறுத்தக்கூடியது, ஓய்வைத் தன்னுள்ளேயே கொண்டது, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாதது. ஆகையால் அந்த மூதாட்டிக்கு டாக்டர் சொல்லியிருக்க வேண்டிய பதில், "இத்தனை நாளும் மத்தவங்களுக்காக நடந்தீங்க பாட்டி" என்பதாக இருந்திருக்கலாம்.

நித்திரை எப்படி வருகிறது என்பதைச் சற்றுப் பார்த்தால் தேகப்பயிற்சிக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் விளங்கும். விழித்திருக்கிற ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச்சேரத் தூக்கத்தின் அழுத்தம் மிகுகிறது. உடம்பை இயக்கினால் அந்த அழுத்தம் இன்னும் பலமாக ஏறும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் பாதி இறங்கிவிடும். இது ஒரு சக்தி. மற்றொன்று, மூளைக்குள்ளே இருந்துகொண்டு பகல் இரவைப் பிரித்தறிகிற உயிர்க்கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது சரியாக முடுக்கப்பெறும். முதுமையில் ஆழ்ந்த தூக்கத்தின் அளவு இயல்பாகவே குறைவதோடு கடிகாரமும் முன்னால் நகர்ந்துவிடுகிறது. இராத்திரி எட்டு மணிக்கு டி.வி. பார்க்கும்போதே தலை சாய்வதும், மூன்று மணிக்கு விழிப்புக் கொடுப்பதும் இதனால்தான். அமெரிக்க தேசியத் துயில் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி 65 வயதைக் கடந்தவர்களுக்கும் ஏழு முதல் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். கிழவர்களுக்கு நாலு மணி போதும் என்பது வீட்டில் உள்ள மற்றவர்கள் தங்கள் சௌகரியத்துக்காகச் சொல்லிக்கொள்வது.

ஏழைகளின் இரவுக்கு வேறு சத்துருக்களும் உண்டு. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நடுநிசி வரைக்கும் உஷ்ணத்தைக் கக்குகின்றன, ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள், பேரன் செல்போனை அணைப்பதில்லை, கொசு இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது, சிறுநீருக்காக எழுந்தால் வாசலைத் திறந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. தேகப்பயிற்சி இவற்றில் ஒன்றையும் நீக்கிவிடாது. கூரைக்குச் சுண்ணாம்பு பூசச் சொல்ல வேண்டிய இடத்தில் நடைப்பயிற்சியைப் பற்றி உபந்நியாசம் செய்வது ஒருவகைக் கயமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் மண்ணுக்குச் சமீபத்தில் நடந்த பரிசோதனைகளுக்கு வருவோம். இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அன்றி, பெங்களூரில் நடந்தவை இவை. ஆனால் பங்குபெற்றவர்கள் நம்மவர்களைப் போன்ற முதியோர், முதியோர் இல்லங்களில் வசிப்பவர்கள். என்.கே. மஞ்சுநாத், ஷெர்லி டெல்லஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தைச் சேர்ந்த 69 பேரை மூன்று பிரிவாக வகுத்து, ஒரு பிரிவுக்கு ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி ஆகியவற்றையும் யோகத்தைப் பற்றிய உரைகளையும், இரண்டாவது பிரிவுக்கு ஒரு ஆயுர்வேத மருந்தையும் அளித்து, மூன்றாவது பிரிவை ஒன்றும் தராமல் காத்திருக்க வைத்து, ஆறு மாதம் கழித்து அவர்களுடைய தூக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். யோகப் பயிற்சி செய்தவர்கள் படுத்தபின் கண்ணயர எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாகப் பத்து நிமிஷம் குறைந்திருந்தது; மொத்தத் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடியிருந்தது; காலையில் களைப்பாறி எழுந்த உணர்வும் மிகுந்திருந்தது. மற்ற இரு பிரிவிலும் சொல்லத்தக்க மாறுதல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் 2005-ல் வெளியான இந்த முடிவில், அந்த ஒரு மணி நேரத்தை நாம் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. இரண்டு மணிக்கு விழித்துக் கூரையைப் பார்க்கிறவளுக்கு அது மூன்று மணியாகிறது என்றால் அந்த லாபத்தின் அருமை அவளுக்குத்தான் தெரியும்.

பின்னர், நிம்ஹான்ஸ் என்று வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்த ஹரிபிரசாத், சிவகுமார், பி.என். கங்காதர் முதலியோர் இன்னும் விரிவான ஏற்பாட்டோடு ஒன்பது முதியோர் இல்லங்களில் 120 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவுகளை 2013-ல் வெளியிட்டார்கள். அதன் அமைப்பே கவனிக்கத்தக்கது. முதல் மாதம் தினந்தோறும் ஆசிரியர் முன்னிலையில் பயிற்சி. அப்புறம் மூன்றாவது மாதம் வரைக்கும் வாரத்துக்கு ஒருதரம். அதற்கப்பால் ஆறாவது மாதம் வரை அவர்களாகவே செய்துகொள்ள வேண்டியது. ஆசிரியர் படிப்படியாக விலகிக்கொள்ளுகிற இந்த முறை, சம்பளத்துக்கு ஆள் வைக்க இயலாத ஊர்களுக்கு மிகவும் ஏற்றது. தூக்கத்தின் தரமும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்ததோடு, அதே குழுவினர் முதியோர் இல்லவாசிகளிடமே நடத்திய துணை ஆய்வில், கேட்டதையும் கண்டதையும் நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லும் சக்தியும் கவனத்தை நிறுத்தும் சக்தியும் ஓரளவு முன்னேறியிருந்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். இவை சிறிய சோதனைகள்தாம் என்பதையும், பயிற்சி பெற்றவருக்குத் தாம் பயிற்சி பெற்றோம் என்பது தெரிந்தே இருப்பதால் தூக்கத்தைப் பற்றி அவர் சொல்லுகிற பதிலில் நன்றியுணர்ச்சியும் சற்றுக் கலந்துவிடக்கூடும் என்பதையும் வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் தூக்கத்தைப் பொறுத்தமட்டில் அயல்நாட்டுச் சாட்சியமும் இதே திசையில்தான் பேசுகிறது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆபி கிங் என்னும் அம்மையார் 50 முதல் 76 வயதுக்குட்பட்ட, இலேசான தூக்கக் குறையுள்ளவர்களை 16 வாரம் வாரத்துக்கு நான்கு நாள் வேகநடை முதலிய மிதமான பயிற்சிகளில் ஈடுபடுத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்விலும், தூக்கம் சீக்கிரம் வந்தது, முக்கால் மணி நேரம்போல் நீண்டது என்றே கண்டார்கள்.

புத்தித் தெளிவைப் பற்றிய சாட்சியம் இவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் முதலியோர் 120 முதியவர்களில் ஒரு பாதியை ஒரு வருஷம் நடக்க வைத்து, மறுபாதிக்குக் கை கால் நீட்டும் இலேசான பயிற்சி மட்டும் கொடுத்து, ஞாபகத்துக்கு ஆதாரமாக இருக்கிற ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியை அளந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு உலகப் பிரசித்தி பெற்றது. நடந்தவர்களுக்கு அப்பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பத்திரிகைகள் இதைத் தலைப்பில் போட்டுக் கொண்டாடின. ஆனால் ஞாபகப் பரீட்சையில் இரண்டு பிரிவினருமே முன்னேறியிருந்தார்கள் என்ற அதே ஆய்வின் மற்றொரு செய்தியை யாரும் தலைப்பில் போடவில்லை. அதைவிடப் பெரிதாக, 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேரில் ஒரு பாதியை இரண்டு வருஷம் நடையிலும் தசைப் பயிற்சியிலும் ஈடுபடுத்திய 'லைஃப்' என்னும் அமெரிக்கச் சோதனையின் 2015-ஆம் வருஷத்து முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களுக்கும் வெறும் சுகாதாரப் பிரசங்கம் கேட்டவர்களுக்கும் புத்தியளவில் மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கும், தொடக்கத்திலேயே உடல்வலு மிகக் குன்றியிருந்தவர்களுக்கும் மட்டும் திட்டமிடுதல், தீர்மானித்தல் போன்ற ஆற்றல்களில் நன்மை காணப்பட்டது. அதாவது, யாரை இனிமேல் இவருக்கு என்ன என்று நாம் விட்டுவிடுகிறோமோ அவருக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை எழுத்தறிவும் வசதியும் உள்ள நாட்டு முதியோரைப் பற்றியவை. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வசிக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதனாலேயே, 1998-ல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயரிட்டுக்கொண்டார்கள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்களாக இருந்தன. 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான கணிப்பு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதிநோயுடையவர்கள் என்றும், ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அது மிகுதி என்றும் கூறுகிறது. லான்செட் மருத்துவச் சஞ்சிகை அமைத்த ஆணையம் 2024-ல் தொகுத்துத் தந்த 14 தடுக்கத்தக்க காரணங்களில் கல்விக் குறைவு, காது மந்தம், உடலியக்கமின்மை, தனிமை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அடக்கம். சிறுவயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிச் சத்தத்துக்குள் புகுந்த ஒருவருக்கு முதல் இரண்டும் வாழ்க்கையின் தொடக்கத்திலேயே வாய்த்துவிட்டன. முதலாவதை இனி மாற்ற முடியாது. மற்றவற்றில் சிலவற்றை மாற்றலாம்.

நித்திரை புத்தியைக் காப்பது எப்படி என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. தூங்கும்போது மூளையில் தேங்கிய கழிவுகள் அலசி வெளியேற்றப்படுகின்றன என்று மைக்கன் நெடர்கார்டு அம்மையாரின் குழுவினர் 2013-ல் எலிகளிடம் காட்டினார்கள். அப்படியில்லை, தூக்கத்தில் வெளியேற்றம் குறைகிறது என்று லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் எலிகளைக் கொண்டே மறுத்தார்கள். எலிகள் பாவம். ஆனால் ஓர் இரவு நன்றாகத் தூங்கியவருக்கு மறுநாள் கவனம் தெளிவாக இருக்கிறது என்பதற்கு எந்த எலியின் சாட்சியமும் வேண்டியதில்லை. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: முதியோரைப் பயிற்சிக்கு அழைப்பவர்கள் "ஞாபகசக்தி வளரும், மறதிநோய் வராது" என்று வாக்களிக்கக் கூடாது, நிரூபணம் அவ்வளவு தூரம் செல்லவில்லை, அந்த வாக்குறுதியை நம்பி வருகிறவர்களும் குறைவு. தூக்கம் வரும் என்று சொல்லி அழைக்கலாம். அது ஏறக்குறைய நிரூபிக்கப்பட்டது, சில மாதங்களில் அவரவரே தெரிந்துகொள்ளக்கூடியது, அவர்கள் காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் விஷயமும் அதுவே.

எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைச் செய்வது? 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷ மிதமான இயக்கமும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகமே மிதமான வேகம். தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது நல்ல காரியந்தான். எனினும், அந்த எட்டுக் கிலோமீட்டர் காலணியும் ஓய்வும் உள்ளவர்களுக்கு வகுத்தது என்பதை நடக்கிறவர்களைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். கூலிக்காரக் குடும்பத்துப் பாட்டிக்குக் காலை ஐந்து முதல் எட்டு வரை தண்ணீர் பிடிக்கவும், மருமகள் வேலைக்குப் புறப்படவும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சரியாகப் போய்விடுகிறது. பிறகு நூறு நாள் வேலை. மேலும், நாய்க்குப் பேர்போன இராஜபாளையத்தில், அந்த உயர்ந்த சாதி வெள்ளை நாய்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இருட்டில் கைத்தடியோடு நடந்துவரும் கிழவரைச் சூழ்ந்துகொள்வன எல்லாம் பேரில்லாத தெருநாய்களே. ஆகவே அவர்களுக்கு ஏற்ற நேரம் வெயில் தாழ்ந்த நாலரை மணி. ஏற்ற இடம் பள்ளிக்கூட மைதானமோ கோயில் மண்டபமோ ஸ்ரீவில்லிபுத்தூரின் அகன்ற தேர்வீதியின் ஓரமோ. படுக்கப்போகும் நேரத்தை ஒட்டிக் கடுமையாக எதையும் செய்யாமலிருந்தால் சாயங்காலப் பயிற்சி தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

இதற்குச் சாதனம் ஒன்றும் வாங்க வேண்டாம். திண்ணையே போதும். முழங்கால் உயரமுள்ள திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்குத் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்தால் புட்டம் தானே கிளம்பும்; அங்கிருந்து நிமிர்ந்து நின்று, ஒரு மூச்சு விட்டு, தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கி உட்கார வேண்டும். இறங்குவதில்தான் தொடைக்குப் பலன் அதிகம். முதல் வாரத்தில் எல்லாரும் தொப்பென்றுதான் விழுவார்கள். முழங்கால் வலிப்பவர்கள் ஒரு பலகையையோ மடித்த சமுக்காளத்தையோ போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். ஐந்தில் தொடங்கிப் பத்தாக்கி, சற்று இளைப்பாறி இன்னொரு பத்து. பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்துக் கோட்டில் நடப்பது, கடைசியில் பத்து நிமிஷம் மூச்சை மெல்ல விட்டபடி சும்மா உட்கார்ந்திருப்பது. இதோடு அரை மணி நடையைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நடைக்குப் பதிலாகக் கும்மியையே வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்பேன். ஜெனிவா நகரில் 134 முதியவர்களுக்கு ஆறு மாதம் வாரத்துக்கு ஒரு நாள் பியானோ இசைக்கு ஏற்ப நடக்கவும் திரும்பவும் கைவேலை செய்யவும் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், கீழே விழுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2011-ல் எழுதினார்கள். நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் முதலியோர் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல வருஷம் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், உடலியக்கப் பொழுதுபோக்குகளுள் நடனம் ஒன்றுதான் மறதிநோய்க் குறைவோடு சேர்ந்து காணப்பட்டது. அடி வைக்கவும், கை தட்டவும், வட்டம் கலையாமல் நகரவும், அடுத்த அடியை நினைவில் கொண்டுவந்து பாடவும் ஒரே சமயத்தில் வேண்டியிருக்கிற கும்மியும் கோலாட்டமும், ஆண்களுக்கு ஒயிலாட்டமும், இவற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. இந்த வட்டாரத்தில் அறுபதைக் கடந்த பெண்களில் கும்மியடிக்கத் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்கும் இவ்வூரில் பழைய மாதிரி உண்டு. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில், மார்கழி முப்பது நாளும் வைகறையில் எழுந்து கூடிப் பாடுகிற திருப்பாவையின் கதையே, ஒருத்தியை ஒருத்தி வாசலில் நின்று எழுப்பி அழைத்துச் செல்வதுதான். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது என்பது இன்றைய தூக்கச் சிகிச்சையின் முதல் விதியாக இருக்கிறது. விடிவெளிச்சத்தில் வெளியே வருவது இரண்டாவது விதி. வாசலில் வந்து கூப்பிட ஓர் ஆள் இருந்தால் வராமல் இருப்பது கடினம்.

யார் கூப்பிடுவது? 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற பெண் தன்னார்வலர்களும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற இயன்முறை மருத்துவர்களும் தெருத் தெருவாக ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். விழுந்தபின் வருகிற இயன்முறை மருத்துவரை விழுவதற்கு முன்னால் மாதத்தில் ஒருதரம் மைதானத்துக்கு வரவழைத்தால், பெங்களூர்ச் சோதனையில் ஆசிரியர் செய்த வேலையை இங்கே அவர் செய்யலாம். இடைப்பட்ட நாட்களில் நடத்திக்கொள்ளத் தெருவிலேயே ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரோ, மில்லில் மேஸ்திரியாக இருந்து பழகிய உரத்த குரல்காரரோ கிடைக்காமல் போகமாட்டார். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர்களிடம் சந்தா மட்டும் கேட்கக் கூடாது.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வரக் கூடாது, மயக்கம் வரும். நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ இடது தோள் வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலத்தில் போடுகிறவர்கள், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டாலே இரண்டு விழிப்புக் குறையலாம். நாலு மணிக்குமேல் காப்பியும் டீயும் வேண்டாம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரை, இரவில் தடுமாறி விழுவதற்கும் பகலில் புத்தி மங்குவதற்கும் நேர்வழி. ஆனால் பல வருஷம் பழகியவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மாதம் ஒருமுறை, ஒவ்வொருவரும் கை ஊன்றாமல் முப்பது விநாடியில் எத்தனை தரம் உட்கார்ந்து எழுகிறார்கள் என்று எண்ணி முதற் கட்டத்தில் எழுத வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள பெண்ணுக்கு 11-க்கும் ஆணுக்கு 12-க்கும் குறைந்தால் விழும் அபாயம் உண்டு என்பது அமெரிக்க அளவு. நம்மவர்களுக்கு அது துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும், போன மாதத்துக்கு இந்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இரண்டாவது கட்டத்தில், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, எத்தனை தரம் விழிப்பு என்று கேட்டு எழுத வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக வந்தும் அந்த இரண்டாவது கட்டத்தில் மாறுதலே காணாதவர்களின் பெயருக்கு நேரே ஒரு குறியிட்டு, குறட்டையோடு கூடிய மூச்சுத் தடையா, புராஸ்டேட் வீக்கமா, யாரிடமும் சொல்லாத மனச்சோர்வா என்று பார்க்க டாக்டரிடம் அனுப்பிவைக்க வேண்டும். அவர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாக நடக்கச் சொல்லிப் பயனில்லை.